அம்மா வாங்காத திருவிருந்து

என் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். மூன்று பெண்களையும் அவள் ஒற்றை ஆளாக வளர்த்தாள். அக்காவைக் காளையார்கோவிலில் கட்டிக்கொடுத்தாள். நான் நடுவிலானவள், கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டேன். தங்கை மட்டும் காரைக்குடியில், செக்காலைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவோடு இருந்தாள்.

அம்மாவின் பக்தியில் ஆர்ப்பாட்டம் கிடையாது. வார்டில் ஊசி போடுவதற்கு முன்னால் அவள் உதடு அசையும். "என்னம்மா முணுமுணுக்குறீக?" என்று யாராவது கேட்டால், "உங்களுக்காகத்தான் ஒருத்தர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்" என்பாள். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்ததில்லை. அவள் கையில் பிரசவம் பார்த்துக்கொண்ட ஒரு பாய் வீட்டு அம்மா, நோன்புப் பெருநாள் தவறாமல் எங்களுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அம்மா பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நிற்பாள். கனமான குரல். அவள் ஒரு வாரம் வராவிட்டால் பாட்டில் ஏதோ குறைகிறது என்று ஆர்மோனியம் வாசிப்பவரே சொல்வார்.

தங்கை அவளுக்கு நேரெதிர். வாய் ஓயாது. அம்மாவின் வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அம்மா நோயாளிகளை அதட்டுகிற மாதிரியே நடித்துக் காட்டுவாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போடி, பொழப்பத்தவளே" என்று கரண்டியை ஓங்குவாள். ஒரு கல்லூரி நூலகத்தில் தங்கைக்கு வேலை. தேவகோட்டையில் ஒரு பையனைப் பார்த்துப் பேசி முடித்திருந்தோம். அறுப்பு முடிந்து கல்யாணம் என்று நாள் குறிக்க இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னாள்.

அக்காவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். கல்யாணமாகிப் பல வருஷம் அவளுக்குக் குழந்தையில்லை. போகாத டாக்டர் இல்லை. கடைசியில் யாரோ சொல்லி ஒரு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்ட இடம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அங்கே போக ஆரம்பித்த மறு வருஷம் அவளுக்குப் பெண் பிறந்தது. அதற்குப் பிறகு அக்காவை யாராலும் அசைக்க முடியவில்லை. எங்கள் சர்ச்சை விட்டுவிட்டு முழுக்க அங்கேயே போனாள். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் சண்டை போடவில்லை. "எங்க இருந்தாலும் அவர் பேரைத்தானே சொல்றா" என்று விட்டுவிட்டாள்.

தங்கை சொன்னதும் அக்கா அவளை அந்த ஜெபவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டி கரையும், கத்தி படக்கூடாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் தங்கை கல்லூரியில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லுவாள். எண்ணெய் தடவினார்கள், உபவாசம் இருந்தார்கள். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் கோயம்புத்தூரில் இருந்தேன். போனில் பேசும்போதெல்லாம் கல்யாணப் புடவையின் நிறத்தைப் பற்றித்தான் என்னிடம் பேசினாள்.

அம்மா அதை வாடையில் கண்டுபிடித்தாள். அன்று தங்கை ஊதுபத்தி கொளுத்திவைத்திருந்தாளாம். எதற்கு இந்த வீட்டில் ஊதுபத்தி என்று அம்மா நினைத்திருக்கிறாள். தங்கை பக்கத்தில் வந்து சாப்பிட உட்கார்ந்ததும், ஊதுபத்தியை மீறி அழுகிய புண்ணின் வாடை. வார்டில் வருஷக்கணக்காக அந்த வாடையோடு இருந்தவள் அம்மா. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "துப்பட்டாவை எடு" என்றாள். தங்கை எடுக்கவில்லை. அம்மாவே எடுத்தாள்.

பிறகு அம்மா அக்காவுக்குப் போன் செய்தாள். இதை அம்மாதான் பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பருந்து?"

அக்கா சொன்னாள். அம்மா போனை வைத்துவிட்டாள். தங்கையின் காதுபட அவள் அழவில்லை. அன்றைக்கே காரைப் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனாள்.

மதுரையில் டாக்டர்கள் ஒன்றும் ஒளிக்கவில்லை. அம்மாவிடம் ஒளிக்கவும் முடியாது. ஸ்கேன் படத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எலும்புக்குப் போயிருந்தது, ஈரலுக்கும். கல்யாணத்துக்குப் பேசியிருந்த மாதத்தில் தங்கையை நாங்கள் புதைத்தோம்.

அடக்கத்தின்போது அக்கா பெட்டியின் அருகே வந்தாள். குனிந்து தங்கையின் நெற்றியைத் தொடக் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்தாள். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீ இவளைத் தொடாத."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். குழிக்கு மண் போடும்போதும் அம்மா அவளைப் பார்த்துத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அக்கா கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் ஒதுங்கி நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் அவள் புருஷன். எல்லோரும் போனபிறகுதான் அவள் குழி அருகே போயிருக்கவேண்டும்.

என் வீட்டுக்காரர் அந்தச் சமயம் வேலையாகக் குவைத்துக்குப் போனார். நான் காரைக்குடிக்கு வந்து அம்மாவோடு தங்கிவிட்டேன். அதனால் அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் கூடவே இருந்து பார்த்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா பாடகர் குழுவுக்குப் போகவில்லை. என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பரமண்டல ஜெபம் சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்துதான் ஆரம்பித்தாள். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வந்தபோது என் பக்கத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. மற்றவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். அம்மா மூடிய கண்ணோடு அப்படியே நின்றாள். மறு வாரமும் அதே இடத்தில் நின்றது. கொஞ்ச நாளில் அந்த ஜெபத்தை ஆரம்பத்திலிருந்தே சொல்வதை விட்டுவிட்டாள்.

அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்தை வாங்கவும் அவள் எழுந்து போகவில்லை. எல்லோரும் வரிசையில் போய் முழங்கால்படியிட்டுத் திரும்புவார்கள். அம்மா பெஞ்சிலேயே இருப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் வழி கேட்டால் காலை ஒடுக்கிக்கொள்வாள். எங்கள் ஐயர், வயதான போதகர், அதைக் கவனித்துவிட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"மகளை மன்னிக்காம ஆண்டவர்கிட்ட எப்படிம்மா வருவீக?" என்று கேட்டார்.

"வரமுடியாதுன்னு தெரியும் ஐயா. அதான் வரல."

அவர் காப்பியைக் குடித்துவிட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அவர் ஜெபம் பண்ணும்போது அம்மா அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மனிதர்கள் கோபத்தில் சாமியைத் திட்டுவார்கள், சண்டை போடுவார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா அப்படி ஒன்றும் செய்யவில்லை. ஆண்டவர் இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவர் இருக்கிற வீட்டுக்குத் தனக்கு வழி இல்லை என்று ஒதுங்கிக்கொண்டதுபோல இருந்தாள். முதலில் பாட்டு போனது. பிறகு ராத்திரி குடும்ப ஜெபம் போனது. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுகிற பழக்கமும் போனது. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவள் இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பாள்.

"நீ ஜெபம் பண்றதே இல்லையாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணை மூடுனா உங்க அக்கா மூஞ்சிதான்டி வருது" என்றாள். "அவர் வரமாட்டேங்குறாரு. இவளை நகத்திவிட்டாத்தான் அவரைப் பாக்க முடியும் போல. எனக்கு நகத்த முடியல."

ஓய்வு பெற்றபிறகும் தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் போய்ப் பார்க்கிறவள், அதையும் விட்டாள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்குத் தங்கைக்கு வந்த அதே நோய் வந்தது. நேரத்தோடு காட்டியதால் ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா வாங்கிக்கொண்டாள், நல்லா இருக்கட்டும் என்று சொன்னாள். அவர் போனபிறகு கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இவ பொண்ணு மட்டும் எதுக்குப் பொழச்சா?" என்றாள். சொன்ன மறுநிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வாயிலிருந்து அது வந்தது என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை. "நான் என்னவா ஆயிட்டேன்டி" என்றாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். என் கையை விலக்கிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

அக்கா வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வருவாள். கையில் பலகாரத் தூக்கு இருக்கும், கூடப் பெண் இருக்கும். அம்மா கதவைத் திறக்க மாட்டாள். நான்தான் வெளியே போய் வாங்கிக்கொள்வேன். ஒருமுறை நல்ல மழை. அக்காவும் பிள்ளையும் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்கள். நான் அம்மாவிடம், "பிள்ளையவாவது உள்ள விடும்மா. அது என்ன பண்ணுச்சு?" என்றேன்.

அம்மா சன்னல் வழியே அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அதற்குத் தங்கையின் கண். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

"அதான்டி முடியல" என்றாள் அம்மா.

அக்காவை நான் வெளியே சந்திப்பதுண்டு. அவள் ஏதாவது வேலையாகக் காரைக்குடி வந்தால் புது பஸ் ஸ்டாண்டில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து பேசுவோம். ஜெபவீட்டுக்குப் போவதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். வேறு எந்தச் சர்ச்சுக்கும் போகவில்லை.

"பக்கத்து வீட்டுல யாராச்சும் உடம்பு சரியில்ல, ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டா எனக்கு ஜெபமே வரல" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போங்க, போங்கன்னு சத்தம் போட்டுர்றேன். கிறுக்கின்னு நெனைக்கிறாங்க."

அம்மா என்னிடம் ஏதாவது சொன்னாளா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். இல்லை என்று சொல்ல மனமில்லாமல் நான் பேச்சை மாற்றுவேன். அது அவளுக்குப் புரியும்.

போன வருஷம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. சர்க்கரை ரொம்ப நாளாகவே இருந்தது, அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். அடுத்தவர்களின் சர்க்கரையை வருஷக்கணக்காகப் பார்த்தவள் தன்னுடையதைப் பார்க்கவில்லை. மதுரைக்கும் காரைக்குடிக்கும் அலைந்தபிறகு, "போதும், வீட்டுக்குக் கொண்டுபோ" என்று சொல்லிவிட்டாள். படுக்கையில் விழுந்தாலும் கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தது. எந்த மாத்திரை எந்த நேரத்துக்கு என்று அவளே எனக்குச் சொல்வாள்.

இப்போது எங்கள் சர்ச்சில் இருப்பவர் இளவயது ஐயர். அவர் ஒருநாள் காலையில் திருவிருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தார். நான்தான் வரச்சொல்லியிருந்தேன். சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் வைத்தார். மெல்லிய குரலில் ஆராதனையை ஆரம்பித்தார். பரமண்டல ஜெபம் வந்தபோது அம்மா படுத்தவாக்கில் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க ஐயா."

அவர் நிறுத்தினார்.

"நீங்க நல்ல மனசோட வந்திருக்கீக. ஆனா நான் வாங்கக்கூடாது. எம் பெரிய மகளை நான் மன்னிக்கல. மன்னிச்சதா வாயில சொல்லிட்டு இதை வாங்குனா அது பொய்யி. அவர்கிட்ட நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."

ஐயர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும்னு ஆசையாச்சும் இருக்காம்மா? அது இருந்தாப் போதும். மீதியை அவர் பாத்துக்குவாரு."

அம்மா யோசித்தாள்.

"இல்லையே ஐயா. நான் மன்னிச்சிட்டா எஞ் சின்னப் புள்ள செத்தது ஒண்ணுமில்லாம போயிரும். அவளுக்காகக் கோவப்பட என்னைவிட்டா யாரு இருக்கா? எல்லாரும் மறந்துட்டாக. கட்டிக்க இருந்த பையனுக்கு ரெண்டு புள்ளை ஆயிருச்சு. இந்தக் கோவத்தைத்தான் ஐயா நான் அவளுக்குன்னு வச்சிருக்கேன்."

"அதை வச்சிக்கிட்டு நீங்க நிம்மதியா இருந்தீகளாம்மா?"

"ஒருநாளும் இல்ல" என்றாள் அம்மா. "சாமியும் போச்சு, நிம்மதியும் போச்சு. எனக்குத் தெரியாம போகல, பாத்துக்கிட்டே இருக்கத்தான் போச்சு. வார்டுல ஒருத்தருக்கு மூச்சு அடங்குறதைப் பக்கத்துல நின்னு பாப்போம்ல, அந்த மாதிரி. ஒண்ணும் பண்ண முடியல."

ஐயர் அழுதார். அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்பத்தையும் கிண்ணத்தையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவர் போனபிறகு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "பாவம், சின்னப் பையன்" என்று மட்டும் சொன்னாள்.

அக்காவை வரச்சொல்லி நான் போன் செய்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். அக்கா மதியத்தில் வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அன்றைக்குத்தான். கட்டில் இருந்த அறையின் வாசலில் தயங்கி நின்றாள்.

"அம்மா" என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். யார் என்று தெரிந்தது, அதில் சந்தேகமில்லை. ஒன்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அதையே பெரிய சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். கட்டிலின் கால்மாட்டில், ஓரமாக உட்கார்ந்தாள். அம்மாவின் பாதம் வீங்கியிருந்தது. அக்கா அதைப் பிடித்துவிடக் கையைக் கொண்டுபோனாள்.

அம்மா காலை இழுத்துக்கொண்டாள். திரும்பிப் படுக்கவே நான் தூக்கிவிடவேண்டிய நிலையில் இருந்தவள். அவ்வளவு பலம் அந்தக் காலுக்கு எங்கிருந்து வந்ததோ.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. அம்மா தூங்கியதும் நெற்றியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள். அதற்கு மறுநாள் சாயங்காலம் அம்மாவுக்கு உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு நானும் அக்காவும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். டீ போட்டு இரண்டு பேருமே குடிக்காமல் வைத்திருந்தோம். எனக்கு அவள்மேல் இரக்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. அதுவரை கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லிருக்கலாம்லக்கா. அவ கட்டியைச் சொன்ன அன்னைக்கே அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தா?"

அக்கா டீ டம்ளரைத் தள்ளிவைத்தாள்.

"போட்டேன்" என்றாள். "போன எடுத்து அம்மா நம்பரப் போட்டேன். அவ பிடுங்கிட்டா. கல்யாணம் நின்னுபோகும்க்கா, மாரை எடுத்துட்டா என்னை எவன் கட்டுவான், அம்மாகிட்ட சொன்னா நான் கண்மாயில விழுந்துருவேன்னு சொன்னா. ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போ, அது போதும்னு அவதான் கேட்டா. நானும் நம்புனேன். அதுல பொய் இல்ல. நான்தான் பெரியவ, நான் சொல்லிருக்கணும். ஆனா முதல்ல மறைக்கச் சொன்னது அவ."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"இதை ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"எதுக்கு? செத்துப்போன புள்ள மேல அம்மா கோவப்படவா? அந்தக் கோவத்தை வச்சுக்கிட்டு அம்மா எங்க போயி நிக்கும்? எம்மேல கோவப்பட்டா நான் உயிரோட இருக்கேன்ல. என்னைக்காச்சும் ஒருநாள் ஆறிரும்னு நெனைச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆறல" என்றாள்.

அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் மன்னித்திருப்பாளா என்று நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். சில நாள் மன்னித்திருப்பாள் என்று தோன்றும். சில நாள், தங்கையையும் சேர்த்து இழந்திருப்பாள் என்று தோன்றும். அக்கா செய்தது சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டதால் தங்கை அம்மாவின் மனதில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தாள். அம்மாவின் விசுவாசம் போனது. அக்காவுடையதும் போனது. சர்ச்சில் இரண்டு மூன்று பேர், உங்கம்மா திருவிருந்து வாங்காமலே போயிட்டாகளாமே என்று என் காதில் போட்டார்கள். அந்த இளம் ஐயரிடம், அம்மா எங்கே போயிருப்பாள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியலம்மா, நானும் தினம் அதைத்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். பொய்யாக எதையும் சொல்லி என்னைத் தேற்றாததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அக்கா ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிடப் போனேன். காளையார்கோவில் பஸ் வர நேரம் இருந்தது.

"அம்மா மேல உனக்குக் கோவமாக்கா?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவமில்ல. கோவம் என்ன பண்ணும்னு அம்மாகிட்டயே நான் பாத்துட்டேனே" என்றாள். பிறகு, "ஆனா அந்தக் காலை இழுத்தது இருக்குல்ல, அதை நெனைச்சா மட்டும் எனக்குத் தாங்கல" என்றாள்.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. அக்காவுக்குப் பின்பக்கம் இடம் கிடைத்தது, சன்னலோரம் இல்லை. நடுவில் நின்றவர்கள் மறைத்ததால் பஸ் திரும்பிப் போகும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.